பணம் வந்துவிட்டது, முடிவு யார் கையில்? ஆஸ்திரேலியாவின் என்.டி.ஐ.எஸ். திட்டம்

காலையில் எத்தனை மணிக்கு எழுவது, குளிக்க உதவ வருபவர் ஆணா பெண்ணா, ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாமா கூடாதா என்பதையெல்லாம் பெரும்பாலானவர்கள் யோசித்துக்கூடப் பார்ப்பதில்லை. அன்றாடத்துக்கு இன்னொருவர் கை தேவைப்படுகிறவருக்கு இவை ஒவ்வொன்றையும் வேறு யாரோ போட்ட பணி அட்டவணை தீர்மானிக்கிறது. மாலையில் வரும் பணியாளர் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால், நாற்பது வயதுக்காரரும் ஏழரைக்கே படுக்கைக்குப் போயாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை அவர்களுடைய விருப்பத்தை மையமாக வைத்து மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை இப்படிப்பட்ட சிறிய விஷயங்களிலிருந்துதான் எழுந்தது.

ஸ்வீடனில் தனிநபர் உதவியாளருக்கான உரிமைச் சட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், சேவைக்குப் பதிலாகப் பணத்தையே நேரடியாகப் பெற்றுக்கொள்ள வழி திறந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தின் கீழ் இதைச் செய்து பார்த்த பெரிய முயற்சி ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம். அங்கே எல்லோரும் என்.டி.ஐ.எஸ். என்றே சொல்கிறார்கள். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், பணம் நிறுவனத்துக்குப் போகாமல் மனிதரைப் பின்தொடர வேண்டும் என்ற கொள்கை பெருமளவு நிறைவேறியிருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரமும் கூடவே வரும் என்ற எதிர்பார்ப்பு பாதிதான் நிறைவேறியது. மீதிப் பாதி எங்கே நின்றுபோனது என்பதைப் புரிந்துகொள்ள, திட்டத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முன்பு மாநில அரசுகள் சேவை நிறுவனங்களுக்கு மொத்தமாக மானியம் கொடுத்தன. நிறுவனம் தன்னிடம் இருக்கும் இடங்களுக்கு ஏற்ப ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. இடம் இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியல். மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தால் மறுபடி பட்டியலின் கடைசியில் நிற்க வேண்டும். விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவருக்குக் காப்பீட்டு இழப்பீடு கிடைக்கலாம். அதே நிலையில் பிறந்த குழந்தைக்கு அதில் எதுவும் இல்லை. மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையம் 2011இல் தந்த அறிக்கை, இந்த ஏற்பாட்டில் நிதியும் போதவில்லை, நியாயமும் இல்லை, எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று தயக்கமின்றிச் சொன்னது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் போராடிய மாற்றுத்திறனாளிகளும் குடும்பங்களும் கொடுத்த அழுத்தத்தில், ஜூலியா கில்லார்டு பிரதமராக இருந்தபோது, 2013 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. அந்த ஜூலையில் நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர், விக்டோரியாவின் பார்வன், டாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் சோதனை முறையில் தொடங்கி, 2016 முதல் நாடெங்கும் விரிந்தது. பொது மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரி 1.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்தது. செலவில் பெரும்பகுதி பொது வரவு செலவிலிருந்துதான் வருகிறது.

சேருவதற்கு விண்ணப்பிக்கும்போது வயது 65க்குக் கீழ் இருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ, நியூசிலாந்துக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு உள்ள சிறப்பு விசாவோ வேண்டும். நிரந்தரமான, அன்றாடச் செயல்பாட்டைக் கணிசமாகக் குறைக்கும் நிலை இருக்க வேண்டும். விசா நிபந்தனை பல ஈழத்தமிழர் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் வெளியே நிறுத்தியது. படகில் வந்து தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களுக்கு 2023 பிப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறந்த பிறகே அவர்களில் பலரால் விண்ணப்பிக்க முடிந்தது. இன்னும் 'பிரிட்ஜிங்' என்ற இடைக்கால விசாவில் இருப்பவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. உடல்நிலை எவ்வளவு மோசமாக இருந்தாலும் விசாவின் எண்தான் முதலில் பார்க்கப்படுகிறது.

மூன்று பெட்டிகள், மூன்று வழிகள்

ஒவ்வொருவருக்கும் ஒரு 'பிளான்' எழுதப்படுகிறது. அதில் பணம் பெரும்பாலும் மூன்று பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதலாவது அன்றாட உதவிக்கானது: குளிப்பது, உடுத்துவது, வீட்டு வேலை, வெளியே போய்வரத் துணை, டயப்பர், கதீட்டர் போன்ற நுகர்பொருட்கள். இரண்டாவது திறன் வளர்ப்புக்கு: பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது), வேலைக்குத் தயாராவது. மூன்றாவது கருவிகளுக்கும் வீட்டு மாற்றங்களுக்கும்: சக்கர நாற்காலி, ஆளைத் தூக்கும் கருவி, குளியலறையில் சாய்தளம். முதல் பெட்டிக்குள் பொதுவாக இடம் மாற்றிச் செலவழிக்கலாம். இரண்டாவது பெட்டியில் ஒதுக்கிய தலைப்பு மாறக் கூடாது. மூன்றாவது பெட்டியில் எந்தப் பொருளுக்கு ஒதுக்கினார்களோ அதற்கு மட்டும்தான். ஆக, தேர்வுச் சுதந்திரம் என்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் முதல் பெட்டிக்குள் நடக்கிறது.

அந்தப் பணத்தை நிர்வகிக்க மூன்று வழிகள். நிர்வாகத்தைத் திட்டத்தை நடத்தும் முகமையிடமே விட்டுவிட்டால், பதிவு பெற்ற நிறுவனங்களை மட்டும் பயன்படுத்தலாம். இடையில் கட்டணங்களைச் செலுத்திக் கணக்குப் பார்க்கும் ஒரு பிளான் மேனேஜரை வைத்துக்கொண்டால், பதிவு பெறாதவர்களையும் அமர்த்தலாம். ஆனால் அரசு நிர்ணயித்த உச்ச விலையைத் தாண்ட முடியாது. பிளான் மேனேஜருக்கான கட்டணம் தனியாக ஒதுக்கப்படுகிறது, உதவிப் பணத்தைத் தின்பதில்லை. இதைத் தெரியாமல் பலர் அந்த வழியைத் தவிர்க்கிறார்கள். மூன்றாவது, தானே நிர்வகிப்பது. பெரும்பாலும் யாரை வேண்டுமானாலும் அமர்த்தலாம், உச்ச விலைக்கு மேலும் கொடுக்கலாம், கீழும் பேசலாம்.

மூன்றாவதில்தான் அதிகப் பிடி கிடைக்கிறது, வேலையும் அதிகம். தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட அவசியம். ரசீதுகளை ஐந்து ஆண்டுகள் காக்க வேண்டும். பணியாளரைத் தானே வேலைக்கு எடுத்தால், குறைந்தபட்ச ஊதியம், விடுப்பு, விபத்துக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் முதலாளியின் பொறுப்பாகிவிடும். ஓய்வூதியப் பங்களிப்பு 2025 ஜூலை முதல் 12 சதவீதம். சுயமாக நிர்வகிப்பவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில். மணிக்கு நாற்பது டாலர் என்று பேசிவிட்டு, மேற்சொன்னவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, ஆண்டு முடிவதற்குள் பணம் தீர்ந்துபோகிறது.

விலைப் பட்டியலையும் கவனிக்க வேண்டும். 2024-25இல் ஆதரவுப் பணியாளருக்கான உச்ச விலை வேலைநாள் பகலில் மணிக்கு 67.56 டாலர், ஞாயிற்றுக்கிழமை 122.59 டாலர். ஆயிரம் டாலரை வேலைநாளில் செலவழித்தால் பதினான்கரை மணி நேரத்துக்குமேல் துணை கிடைக்கும், ஞாயிறு என்றால் எட்டு மணி நேரம்தான். சர்ச்சுக்கோ கோயிலுக்கோ கிரிக்கெட் ஆட்டத்துக்கோ வாரக் கடைசியில் போக விரும்புகிறவருக்கு, வேலைநாள் விலையை மனத்தில் வைத்து எழுதிய பிளான் எட்டாம் மாதத்தில் வறண்டுவிடும். கேட்கும்போதே எந்தக் கிழமை, எத்தனை மணி, ஒருவருக்கு ஒருவரா இல்லை குழுவாகவா என்று பிரித்துச் சொல்ல வேண்டியது இதனால்தான். வர வேண்டாம் என்று கடைசி நேரத்தில் சொன்னாலும் நிறுவனம் முழுக் கட்டணம் எடுக்கலாம். ஆதரவுப் பணியாளர் சேவைக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு என்பது விதி. திடீரென்று மருத்துவமனையில் சேர வேண்டிவருகிற ஒருவருக்கு இந்த விதி வருடத்தில் பல நூறு டாலர் இழப்பு. சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் இதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம், பேச வேண்டும்.

பிளான் எழுதப்படும் அறை

முடிவெடுக்கும் அதிகாரம் கைநழுவும் முதல் இடம் திட்டமிடல் கூட்டம். எதிரே உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுக்கிறவர் பெரும்பாலும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். அவர் ஓர் ஒப்பந்த அமைப்பின் ஊழியர். கையெழுத்திடும் அதிகாரம் முகமையின் அலுவலரிடம் இருக்கிறது. அவர் பயனாளியைப் பார்த்திருக்கவே தேவையில்லை. பிளானின் வரைவு பயனாளியின் கைக்கு வருவதும் வழக்கமில்லை. ஒப்புதலான பிறகே தொகைகள் தெரியவரும். என்ன கேட்டோம், எதை ஏற்றார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்று வரிக்கு வரி பொருத்திப் பார்க்க முடிவதில்லை. விருப்பத்தை மையமாக வைத்த திட்டம் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டில் இதைவிடப் பெரிய குறை இல்லை என்பது எங்கள் கருத்து. பணத்தைச் செலவழிக்கும் இடத்தில் சுதந்திரம் கொடுத்துவிட்டு, பணத்தை ஒதுக்கும் இடத்தில் ஆளை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சட்டம் கேட்கும் அளவுகோல், உதவி 'நியாயமானதும் அவசியமானதும்' ஆக இருக்க வேண்டும் என்பது. பயனாளியின் இலக்கோடு அது பொருந்த வேண்டும், செலவுக்கு ஏற்ற பலன் இருக்க வேண்டும், குடும்பம் இயல்பாகச் செய்வதை அரசு செய்வதாக இருக்கக் கூடாது, மருத்துவம், பள்ளி போன்ற வேறு துறைகளின் வேலையாகவும் இருக்கக் கூடாது. இதைக் காட்டும் முதன்மைச் சான்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் செயல்பாட்டு அறிக்கை. 2024-25இல் அவருடைய மணிக் கட்டணத்தின் உச்சம் 193.99 டாலர். பத்து மணி நேரம் எடுத்தால் ஏறக்குறைய 1,940 டாலர். திட்டத்துக்குள் இன்னும் நுழையாதவர் இதைத் தன் சட்டைப் பையிலிருந்து தர வேண்டும். ஆகவே வசதியுள்ளவரின் விண்ணப்பம் வலுவாகிறது.

அறிக்கைகள் தோற்பதற்குக் காரணம் பல நேரம் எழுதும் விதம். நோயின் பெயரைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லாமல் விடுவது ஒன்று. 'இந்த உதவி கிடைத்தால் நன்றாக இருக்கும்' என்று முடிப்பது இன்னொன்று. உதவி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் அங்கே இருக்க வேண்டும்: வாரத்துக்கு எத்தனை மணி, எந்த வேலைக்கு, ஒருவர் போதுமா தூக்க இருவர் வேண்டுமா, இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், அது நடக்காவிட்டால் படுக்கைப்புண் வருமா. கூட்டத்துக்கு முன் இரண்டு வாரம் குறிப்பேடு எழுதி, யார் எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று பதிவு செய்து கொடுப்பது நல்ல பலன் தரும். மோசமான நாட்களையும் அதில் எழுத வேண்டும். நல்ல நாளை மட்டும் காட்டுவது பலருக்கும் தன்மானத்தால் வரும் பழக்கம்.

தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அம்மா சொல்லும் ஒரு வாக்கியம், குடும்ப உதவி கிடைக்கிறது என்று பதிவாகி, அத்தனை மணி நேரமும் பிளானிலிருந்து குறைந்துவிடும். எழுபது வயதைத் தொடும் அம்மா இன்னும் எத்தனை வருடம் மகனைக் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்த வேலையை இன்று செய்கிறோம், அதில் எதை இனிச் செய்ய முடியாது என்று பிரித்துச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார்கள். தமிழ் மட்டும் 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 95,000 பேர். என்.டி.ஐ.எஸ். பயனாளிகளில் வேற்று மொழி, பண்பாட்டுப் பின்னணி உள்ளவர்களாகப் பதிவானவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. முகமையுடனான கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். உறவினர் மொழிபெயர்த்தால் போதும் என்று விடக் கூடாது. தனியாக வீடெடுத்து வாழ ஆசைப்படும் இருபத்தைந்து வயது மகளின் சொல்லை, அதை விரும்பாத அப்பா மொழிபெயர்த்தால் என்ன மிஞ்சும்?

கடை இல்லாத ஊரில் பணம்

ஒதுக்கிய பணத்தில் கணிசமான பங்கு செலவாகாமலே நிற்கிறது. தேவையில்லாததால் அல்ல. நார்தர்ன் டெரிட்டரியின் உட்பகுதிகளிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் தொலைதூரங்களிலும் பேச்சுப் பயிற்சியாளர் வருவதற்கு மாதங்கள் ஆகும். அங்கே 'யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள்' என்ற வாக்குறுதிக்குப் பொருளில்லை. சந்தை தானாக வளரும் என்று நம்பியது இந்தத் திட்டத்தின் வடிவமைப்பில் பெரிய பிழை. 2025 ஜூலையில் பிசியோதெரபி உச்ச விலையைப் பத்து டாலரோ அதற்கு மேலோ குறைத்து, தெரபிஸ்டுகளின் பயண நேரத்துக்கு எடுக்கும் தொகையையும் பாதியாக்கியபோது, முதலில் அடி விழுந்தது இப்படித் தொலைவில் இருப்பவர்கள்மேல்தான்.

நகரத்திலும் எல்லாம் சரியில்லை. பலர் சேர்ந்து வாழும் ஆதரவு வீடுகளில் வீட்டு உரிமையாளரும் சேவை தருபவரும் ஒரே நிறுவனமாக இருந்தால், பணியாளர் பிடிக்கவில்லை என்று நிறுவனத்தை மாற்ற நினைப்பவர் வீட்டையே காலி செய்ய நேரும். மூன்று பேருக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கில் பணம் ஒதுக்கினால், மூவரில் ஒருவர் சினிமாவுக்குப் போக வேண்டுமென்றால் மற்ற இருவரும் போக வேண்டும், இல்லை மூவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும். பழைய பணி அட்டவணை புதிய பெயரில் திரும்பி வந்துவிட்டது. வீட்டு ஒப்பந்தமும் சேவை ஒப்பந்தமும் தனித்தனியாக, இரு வேறு நிறுவனங்களோடு இருப்பதுதான் இதற்கு நேரடித் தீர்வு.

பாதுகாப்பு பற்றிய விவாதம் இன்னும் கடினமானது. 2020 ஏப்ரலில் அடிலெய்டில் 54 வயதுப் பெண் ஒருவர், ஒரு நாற்காலியில் நீண்ட காலம் அப்படியே விடப்பட்டு, புண்களும் தொற்றும் முற்றி இறந்தார். அவருக்கு நாள்தோறும் உதவிக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. வந்தவர் ஒரே ஒரு பணியாளர். அவரைத் தவிர வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பணியாளர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். விசாரித்த முன்னாள் நீதிபதி ஆலன் ராபர்ட்சன், எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய எவரும் ஒரே பணியாளரின் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தார். சேவை தந்தது பதிவு பெற்ற நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது. பதிவு மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. மறுபக்கம், எல்லோரும் பதிவு செய்தாக வேண்டும் என்றால், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரை நம்பி அமர்த்தியவர் அந்த உதவியை இழப்பார். ஆதரவு வீட்டுச் சேவைகளுக்கும் பணியாளரைத் தேடித் தரும் இணையவழித் தளங்களுக்கும் முதலில் கட்டாயப் பதிவு என்று அரசு எடுத்த படிப்படியான பாதை, இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் செல்லப் பார்க்கிறது. எங்களைக் கேட்டால், காகிதப் பதிவைவிடப் பலன் தருவது எண்ணிக்கை: வாரத்தில் குறைந்தது இரண்டு வெவ்வேறு ஆட்கள், அவர்களுக்குச் சம்பளம் தராத யாரோ ஒருவர் மாதம் ஒருமுறை நேரில் பார்ப்பது.

இறுகும் பிடி

உற்பத்தித்திறன் ஆணையம் 2011இல் எதிர்பார்த்தது 4,11,000 பயனாளிகள், ஆண்டுக்கு 1,360 கோடி டாலர். இன்று பயனாளிகள் 7 லட்சத்துக்கு மேல், 2024-25 செலவு 4,600 கோடி டாலரை ஒட்டி நிற்கிறது. விலைவாசியைக் கழித்தாலும் பெரிய இடைவெளி. ஏமாற்றுக்காரர்கள்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மோசடி உண்டு, ஆனால் வேர் வேறிடத்தில். மூல வடிவமைப்பில் தனி பிளான் இல்லாத மாற்றுத்திறனாளிகளுக்கும் பொதுவான ஓர் ஆதரவு அடுக்கு இருந்தது. மாநிலங்கள் என்.டி.ஐ.எஸ். வந்துவிட்டதே என்று தங்கள் பொதுச் சேவைகளைச் சுருக்கிக்கொண்டன, அந்த அடுக்கு வெறுமையாகிப்போனது. வளர்ச்சி தாமதமான குழந்தைக்குப் பள்ளியிலோ சமூக நல மையத்திலோ எதுவும் இல்லாதபோது, எந்தப் பெற்றோரும் பிளான் கிடைக்குமா என்றுதான் பார்ப்பார்கள். பயனாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆட்டிசத்தை முதன்மைக் காரணமாகக் கொண்டிருப்பதும், குழந்தைகளின் பங்கு பெருகியதும் இப்படித்தான்.

புரூஸ் போனிஹாடியும் லிசா பாலும் தலைமை தாங்கிய மறுஆய்வுக் குழு 2023 டிசம்பரில் 26 பரிந்துரைகளோடு வெளியிட்ட அறிக்கை அந்த வெற்று அடுக்கை நிரப்பச் சொன்னது. ஆண்டு வளர்ச்சியை 8 சதவீதத்துக்குள் கொண்டுவர அதே ஆண்டு இலக்கு வைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமைச்சர் மார்க் பட்லர், லேசான, நடுத்தர அளவில் வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ உள்ள சிறு குழந்தைகளுக்குத் தனியே ஒரு திட்டம் அறிவித்து, வளர்ச்சி இலக்கை 5 முதல் 6 சதவீதம் என்று இன்னும் கீழே இறக்கினார். வரிசை தலைகீழாகிவிடுமோ என்பதுதான் குடும்பங்களின் கவலை. மாற்று ஏற்பாடு ஊரில் வந்து நின்ற பிறகே பழைய கதவை மூட வேண்டும்.

2024 அக்டோபர் 3 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று பட்டியல் போட்டது. வாடகை, மளிகை, சாதாரணக் கைப்பேசி போன்றவை கூடாது என்பதில் பெரிய வாதமில்லை. ஆனால் வாராவாரம் துப்புரவுக்கு ஆள் வைப்பதற்குப் பதில் தானியங்கித் தூசு உறிஞ்சி ஒன்று வாங்கினால் ஆண்டுச் செலவு குறையும். அதற்கு இப்போது முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சொந்த யோசனையால் அரசுக்கே மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள் கைகட்டப்படுகிறார்கள். 2025 மே முதல் புதிய பிளான்களில் பணம் மொத்தமாக வராமல், பெரும்பாலும் மூன்று மாதத் தவணையாகத் திறக்கப்படுகிறது. மிஞ்சியது அதே பிளானின் அடுத்த தவணைக்குப் போகும், அடுத்ததை முன்னால் இழுக்க முடியாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் போலத் திடீரென மோசமாகித் திரும்பும் நிலைகளுக்கு இது பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் கூட்டத்திலேயே தவணைக் காலத்தை மாற்றிக் கேட்க வேண்டும்.

அடுத்து வருவது தேவை மதிப்பீடு. ஐ-கேன் என்ற கேள்விமுறையைக் கொண்டு பயிற்சி பெற்ற ஒருவர் சில மணி நேரம் பேசி, அதன் அடிப்படையில் தொகை அமையும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். விலையுயர்ந்த அறிக்கைகளுக்கு அலைய வேண்டாம் என்பது நல்லதே. இதே போன்ற கட்டாய மதிப்பீட்டை 2021இல் கொண்டுவர முயன்று, மாற்றுத்திறனாளிகளின் எதிர்ப்பால் கைவிட்டதையும் மறக்க முடியாது. இரண்டு கேள்விகளுக்கான பதிலில்தான் வித்தியாசம் இருக்கும். பயனாளியைப் பல ஆண்டுகளாகத் தெரிந்த தெரபிஸ்டின் சொல் அங்கே எடுபடுமா? மதிப்பீடு தவறென்றால் அதைத் திருத்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டா?

இன்றைய நடைமுறையில் பிளான் போதவில்லை என்றால், முடிவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் உள் மறுஆய்வு கேட்க வேண்டும். முகமை 60 நாளில் பதில் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பலர் இங்கே தவறு செய்கிறார்கள்: 'உள் மறுஆய்வு' என்று எழுதாமல் பிளானை மாற்றித் தாருங்கள் என்று மட்டும் எழுதுவதால், அது சூழ்நிலை மாறியதற்கான புதிய கோரிக்கையாகப் பதிவாகி, மூன்று மாதக் கெடு தானாக ஓடிவிடுகிறது. எந்த முடிவை, எந்தத் தேதியிட்ட கடிதத்தை எதிர்க்கிறோம் என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டு, மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்ததற்கான பதிலைச் சேமித்து வைக்க வேண்டும்.